நோன்பில் முடிந்தது, பெருநாளுக்குப் பின் ஏன் முடியவில்லை?



இம்மாதம் இப்பகுதி புகைபிடிக்கும் சகோதரர்களுக்கென்றே எழுதப்படுகிறது. அவர்தம் இல்லத்தாரும் உடன் படிப்பது நன்று. இடையே அவர்களுக்கும் சில செய்திகள் உண்டு. புற்றுநோய் வரும், மாரடைப்பு வரும் என்று அச்சுறுத்தும் எண்ணம் எமக்கில்லை. அத்தகைய எச்சரிக்கை சிகரெட் பெட்டியின்மீதே படத்தோடு அச்சிடப்பட்டுள்ளது. அப்படத்தைப் பார்த்துக்கொண்டேதான் நீங்கள் பற்ற வைக்கிறீர்கள். அச்சத்தால் புகை நின்றுவிடுமெனில் அது என்றோ நின்றிருக்க வேண்டும். உஸ்மானியப் பேரரசர் நான்காம் முராது 1633ஆம் ஆண்டில் புகையிலையைத் தடைசெய்து, மீறியோருக்கு மரண தண்டனையே விதித்தார். அவருடைய காலத்திற்குப் பின் தடை நீங்கிற்று, புகை நீங்கவில்லை.

ஆகவே வேறொரு வினாவை உங்கள்முன் வைக்கிறோம். ரமளானில் ஸஹர் முடிவிலிருந்து மஃரிப் பாங்கு ஒலிக்கும்வரை ஏறத்தாழ 13 அல்லது 14 மணி நேரம் நீங்கள் புகைப்பதில்லை. புகை நோன்பை முறிக்கும் என்பதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடில்லை, புகைபிடிப்போரிடையேயும் இல்லை. நாளொன்றுக்கு இரண்டு பெட்டி ஊதித் தள்ளுகிறவரும் அந்நேரம் முழுவதும் கடையில் நின்று வணிகம் பார்க்கிறார், லாரி ஓட்டுகிறார், கணக்கெழுதுகிறார். "இது இல்லாமல் எனக்கு வேலையே ஓடாது" என்று மற்ற மாதங்களில் உறுதிபடக் கூறியவரே, ஒரு மாதம் முழுவதும் பகற்பொழுதில் அது இல்லாமலே வேலையை ஓட்டிக் காட்டுகிறார். பெருநாள் தொழுகை முடிந்து, முஸாஃபஹா செய்து, திடலை விட்டு வெளியே வருகிறார். தெருமுனை திரும்பியதும் கையில் புகை. முப்பது நாள் முடிந்தது, முப்பத்தோராம் நாள் ஏன் முடியவில்லை?

மன உறுதி குறைவு என்று சிலர் சொல்வார்கள். அது நியாயமான விடையன்று. மன உறுதி இல்லாதவர் கோடை வெயிலில் நோன்பு நோற்க மாட்டார். விடை வேறிடத்தில் இருக்கிறது.

முதலாவது, அந்த முப்பது நாளும் நீங்கள் புகையை விட்டிருக்கவில்லை. நேரத்தை மாற்றி வைத்திருந்தீர்கள், அவ்வளவே. புகையை உள்ளிழுத்த பத்து, இருபது வினாடிகளுக்குள் நிகோடின் மூளையைச் சென்றடைகிறது. பின்னர் இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வருகிறது. அஸர் நேரத்தில் உங்கள் இரத்தத்தில் அது அநேகமாக இல்லை எனலாம். ஆனால் மூளையில் நிகோடினை ஏற்பதற்கென்றுள்ள வாங்கிகள், பல்லாண்டுப் புகையால் எண்ணிக்கையில் பெருகியவை, அப்படியே காத்திருக்கின்றன. அவை குறைந்து இயல்பு நிலைக்குத் திரும்பச் சில வாரங்கள் வேண்டும். அந்தச் சில வாரங்களை நீங்கள் கொடுக்கவில்லை. ஒவ்வோர் இரவும் மூன்று, நான்கு என்று புகைத்து அவற்றுக்குத் தீனி போட்டுவிட்டீர்கள். ஒவ்வொரு பகலும் விட்டதன் முதல் நாளாகவே இருந்தது; இரண்டாம் நாள் வரவேயில்லை. விடுவதன் கடினமான பகுதியை முப்பது முறை அனுபவித்துவிட்டு, எளிதான பகுதிக்கு ஒருமுறைகூடச் செல்லாமல் திரும்பியிருக்கிறீர்கள். இதை எண்ணும்போது எமக்கு வருத்தமே மேலிடுகிறது.

இரண்டாவது செய்தி இதனினும் நுட்பமானது. வேட்கை என்பது நிகோடின் குறைவதால் மட்டும் எழுவதன்று. 'எப்போது கிடைக்கும்' என்னும் எதிர்பார்ப்பையும் அது பின்தொடர்கிறது. விமானப் பணியாளர்களிடையே நடத்தப்பட்டு 2010ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதனை அழகாக எடுத்துக் காட்டிற்று. அவர்கள் புகைப்பவர்கள், பறக்கும்போது புகைக்க இயலாது. குறுகிய பயணத்தில் விமானம் தரையிறங்கும் நேரம் நெருங்க நெருங்க வேட்கை மேலேறியது. நெடும்பயணத்திலோ, அதே அளவு மணி நேரம் கழிந்திருந்தும் வேட்கை அடங்கியே கிடந்தது. அப்பயணத்தின் இறுதியில்தான் எழுந்தது. புகையின்றிக் கழிந்த நேரத்தைவிட, புகை கிடைக்க எவ்வளவு நேரம் உள்ளது என்பதே வேட்கையை மிகுதியும் ஆட்டிவைத்தது. சென்னையிலிருந்து துபாய்க்கும் ஜித்தாவுக்கும் சென்று வருகின்ற சகோதரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'இருக்கை வார் அணிக' என்ற விளக்கு எரிந்ததும் கை தானாகச் சட்டைப் பையைத் தடவுவதை அவர்கள் அறிவார்கள்.

நோன்பிலும் இதுவே நிகழ்கிறது. லுஹர் வேளையில் அடங்கிக் கிடந்தது அஸருக்குப் பின் தலைதூக்குகிறது. பகலில் அது அடங்கியிருந்ததற்குக் காரணம் உங்கள் உள்ளத்தில் பேரம் இல்லாமையே. "இப்போது ஒன்று பிடித்தால் என்ன?" என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. பெருநாளன்று காலை அந்தக் கதவு திறந்துவிடுகிறது, பேரமும் தொடங்கிவிடுகிறது. ஆதலால் விட விரும்புவோர் செய்யத்தக்கது, பகலுக்கு இட்ட அதே பூட்டை இரவுக்கும் இடுவதேயாகும். 'குறைத்துக்கொள்கிறேன்' என்பது பேரத்தை நாள் முழுவதும் நீட்டிப்பதாகும். இங்கிலாந்தில் 697 பேரைக் கொண்டு செய்யப்பட்டு 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், ஒரே நாளில் விட்டோரில் நூற்றுக்கு 49 பேரும், சிறிது சிறிதாகக் குறைத்து விட்டோரில் 39 பேரும் நான்காம் வாரத்தில் புகையின்றி இருந்தனர். எல்லா ஆய்வுகளும் இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனினும், பேரத்திற்கு இடங்கொடாத வழியே நோன்பு நோற்றுப் பழகியவருக்கு இசைவானது என்பது எமது கருத்து.

இனி அந்த முதல் சிகரெட்டைப் பற்றி. பேரீச்சம்பழமும் தண்ணீரும் நோன்புக் கஞ்சியும் உள்ளே சென்றபின் பற்ற வைக்கும் அந்த ஒன்றில் தனிச்சுவை இருப்பதாகப் பலர் சொல்வர். தலை சற்றே சுற்றும். அதுவும் இன்பமாகத் தோன்றும். பகல் முழுவதும் நிகோடின் இன்றி இருந்ததால் உடலின் தாங்கும் பழக்கம் சற்றுத் தளர்ந்திருக்கிறது. அதனால்தான் அந்தச் சுற்றல். இன்பம் என்று தோன்றுவதோ, முன்பு புகைத்தது உண்டாக்கிய தவிப்பு நீங்குவதேயன்றி வேறில்லை. இறுக்கமான செருப்பைக் கழற்றும்போது கிடைக்கும் சுகம் அது. செருப்பு அணியாதவருக்கு அந்தச் சுகம் தேவைப்படுவதே இல்லை.

ரமளான் இரவில் கண்ணி வைக்கப்பட்டுள்ள இடங்கள் மூன்று. நோன்பு திறந்ததற்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரம் ஒன்று. தராவீஹ் முடிந்து பள்ளிவாசலுக்கு வெளியே நண்பர்களோடு நின்று பேசும் நேரம் மற்றொன்று. இதுவே மூன்றிலும் கொடியது. ஏனெனில் அங்கே புகை மட்டுமன்று, தோழமையும் இருக்கிறது. 'விட்டுவிட்டேன்' என்றால் கேலி பேசுவார்களோ என்ற கூச்சம் இருக்கிறது. மூன்றாவது, ஸஹர் முடியப் போகிறதே என்று அவசரமாக இழுக்கும் கடைசிப் புகை. இம்மூன்று வேளையிலும் 'புகைக்க மாட்டேன்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதே இடத்தில் நிற்பது வீண் முயற்சி. இடத்தை மாற்றுங்கள். முதல் பத்து நாள்களுக்கு மஃரிபு முதல் இஷா வரை பள்ளிக்குள்ளேயோ வீட்டாருடனோ இருங்கள். தராவீஹ் முடிந்ததும் அந்த மூலைக்குச் செல்லாமல் வேறு தெரு வழியே வீடு திரும்புங்கள். நண்பர்களிடம் ஒருவரையேனும் தனியே அழைத்து, "நான் விட்டுவிட்டேன், எனக்கு நீட்டாதே" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஸஹர் உண்டவுடன் எழுந்து மிஸ்வாக் செய்யுங்கள். சுத்தமான வாயில் புகையை ஏற்ற மனம் தயங்கும். கைக்கும் வாய்க்கும் ஒரு வேலையும் கிடைத்துவிடும்.

வேட்கை அலை போன்றது. எழும்போது இனி என்றைக்கும் அடங்காது போலத் தோன்றும். ஆனால் பெரும்பாலும் ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து நிமிடத்தில் தணிந்துவிடும். நீங்கள் புகைத்தாலும் தணியும், புகைக்காவிட்டாலும் தணியும். அந்நேரத்தில் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு குவளை நீரை மிடறு மிடறாகக் குடியுங்கள். ஏலக்காயோ கிராம்போ ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொள்ளுங்கள். மூச்சை ஆழ இழுத்து மெல்ல விடுங்கள். புகைப்போர் ஒவ்வோர் இழுப்பிலும் பெறும் அமைதியில் ஒரு பங்கு அந்த ஆழ்ந்த மூச்சினாலேயே வருவது. வுளூச் செய்துவிட்டு வந்தேன், அலை போய்விட்டது என்று சொல்பவர்களும் உண்டு. குளிர்ந்த நீர் முகத்தில் படுவதும், இருந்த இடத்தை விட்டு எழுவதும் எவருக்கும் உதவும்.

முதல் மூன்று நாள்கள் மிகக் கடுமையானவை. முதல் வாரம் கடந்தால் தணியத் தொடங்கும். மூன்று, நான்கு வாரங்களில் பெரும்பகுதி நீங்கிவிடும். இந்நாள்களில் எரிச்சல் வரும், உறக்கம் கெடும், பசி மிகும், எதிலும் கருத்து நிலைக்காது. மலச்சிக்கல் வரலாம், வாயில் புண் வரலாம், இருமல் முன்பைவிடச் சில நாள் கூடவும் செய்யலாம். "சிகரெட்டை விட்டேன், இல்லாத நோயெல்லாம் வந்துவிட்டது" என்று சொல்லித் திரும்பவும் பற்ற வைத்தோர் பலர். அவை நோயல்ல. மூச்சுக்குழலில் சளியை வெளியேற்றும் நுண்ணிய மயிரிழைகள் புகையால் செயலிழந்து கிடந்தவை, மீண்டும் வேலையைத் தொடங்குவதால் எழும் இருமல் அது. நாள்கள் செல்லச் செல்லக் குறைய வேண்டும். குறையாவிடினும், சளியில் இரத்தம் தென்பட்டாலும் காலந்தாழ்த்தாமல் மருத்துவரைக் காணுங்கள்.

தேநீர் பற்றி ஒரு செய்தி, பெரும்பாலோர் அறியாதது. புகையிலுள்ள தார்ப்பொருள்கள், தேநீரிலும் காப்பியிலும் உள்ள காஃபீனை ஈரல் விரைந்து வெளியேற்றுமாறு செய்கின்றன. புகை நின்றதும் அந்த விரைவும் நின்றுவிடும். முன்பு குடித்த அதே நான்கு குவளை இப்போது ஏறத்தாழ இருமடங்கு வேலை செய்யும். கை நடுக்கம், படபடப்பு, உறக்கமின்மை ஆகியவற்றில் ஒரு பகுதி இதனால் வருவதே. பழி மட்டும் புகையை விட்டதன்மேல் விழுகிறது. ஆகவே விட்ட நாளிலிருந்தே தேநீரைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். தேநீர்க் கடை வாசலில் நிற்கும் நேரமும் பாதியாகக் குறையும். அது தனி இலாபம்.

மருந்தின் துணையை நாடுவதில் இழுக்கேதுமில்லை. நிகோடின் சூயிங்கம் பிறந்த கதையே நமது பேச்சுக்குப் பொருத்தமானது. நீர்மூழ்கிக் கப்பலுக்குள் புகைக்க இயலாத சுவீடன் கடற்படையினர், அந்நேரத்தில் புகையிலையை வாயில் அடக்கிச் சமாளித்ததை ஆய்வாளர் ஒருவர் கவனித்தார். 1967ஆம் ஆண்டில் அச்செய்தி மருந்து ஆய்வாளர் ஓவே ஃபெர்னோவை எட்டிற்று. அதிலிருந்தே புகையும் புகையிலையும் இன்றி நிகோடினை மட்டும் சிறிதளவு கொடுக்கும் வழி உருவாயிற்று. இதனைச் சிறுவர் மெல்லும் சூயிங்கம்போல விடாது மெல்லலாகாது. காரச்சுவை எழும்வரை மெதுவாக மென்று, பின் கன்னத்தோரம் ஒதுக்கி வைத்து, சுவை தணிந்ததும் மீண்டும் மெல்ல வேண்டும். நோன்பின் பகலில் இது இயலாது, இரவுக்கு உதவும். தோலில் ஒட்டும் பட்டையும் உண்டு. நோன்பு வேளையில் அதனைப் பயன்படுத்துவது குறித்து உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிக. இவை தவிர, வேட்கையைத் தணிக்கும் மாத்திரைகளை மருத்துவர் எழுதித் தர முடியும். இதய நோயோ மனநோயோ உடையவர்கள் மருத்துவரைக் கேளாமல் எதையும் தொடங்க வேண்டாம். சிகரெட்டை விட்டுவிட்டுப் பாக்குடன் புகையிலை போடத் தொடங்குவது வாயைப் புற்றுக்கு ஒப்படைப்பதாகும். மின்சிகரெட்டை நம் நாட்டில் 2019ஆம் ஆண்டிலேயே தடைசெய்துவிட்டனர்.

பீடி புகைப்போர் 'எங்களுடையது இலைதானே' என்பார்கள். மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் நம் தாய்மார்கள் தட்டை மடியில் வைத்து அதைச் சுற்றித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள் என்பதால், அதைப் பழிப்பது எமக்கு எளிதன்று. எனினும் உண்மையைச் சொல்ல வேண்டும். பீடியில் புகையிலை குறைவு. ஆனால் அந்த இலை காற்றை எளிதில் விடாது, அணைந்து அணைந்து போகும். எனவே அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியுள்ளது. தீங்கு சிகரெட்டிற்குச் சற்றும் குறைந்ததன்று.

சகோதரிகளே, இப்போது உங்களுக்கு. ஜப்பானில் 91,540 மனைவியரைப் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, தாமே புகைக்காத பெண்களாயினும் கணவர் மிகுதியாகப் புகைத்தால் நுரையீரல் புற்றுநோயால் அவர்கள் இறப்பது கூடுகிறது என்பதை ஹிராயாமா என்ற அறிஞர் 1981ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆகவே இது உங்கள் வழக்கும்தான். கணவர் விட்ட முதல் பத்து நாள்களில் அவர் சுடுசொல் பேசினால் அதனை நிகோடினின் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய பிணக்குகளை அப்போது எடுக்க வேண்டாம். சட்டையை மோந்து பார்த்து விசாரணை செய்யாதீர்கள். விசாரணைக்கு அஞ்சியவர் ஒளிந்து புகைக்கக் கற்றுக்கொள்வார். பசி கூடும், எடையும் சில கிலோ கூடலாம். பொரித்த பண்டத்திற்குப் பதிலாக வெள்ளரி, கொய்யா, வறுத்த கடலை என்று கையருகே வையுங்கள். "அத்தா, இன்றைக்கு எத்தனையாவது நாள்?" என்று பிள்ளை கேட்டால் போதும், எந்த மருந்தும் அதற்கு ஈடாகாது. வளைகுடாவிலிருந்து வரும் உறவினர் அத்தரோடு சேர்த்துச் சிகரெட் பெட்டிகளையும் அன்பளிப்பாகக் கொண்டுவரும் வழக்கத்தையும், இனி வேண்டாமென்று நீங்களே தொலைபேசியில் சொல்லிவிடலாம்.

'நாற்பதைக் கடந்தாயிற்று, இனி விட்டென்ன' என்போர்க்கு ஒரு கணக்கு. பிரிட்டனில் 34,439 ஆண் மருத்துவர்களை 1951ஆம் ஆண்டிலிருந்து ஐம்பதாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். அம்முடிவுகளை ரிச்சர்டு டாலும் அவர்தம் குழுவினரும் 2004ஆம் ஆண்டில் வெளியிட்டனர். விடாது புகைத்தோர், புகைக்காதோரைவிடச் சராசரியாகப் பத்தாண்டுகள் முன்னதாக இறந்தனர். 60 வயதில் விட்டவர் அதில் மூன்றாண்டுகளையும், 50இல் விட்டவர் ஆறாண்டுகளையும், 40இல் விட்டவர் ஒன்பதாண்டுகளையும் மீட்டனர். ஆயுள் இறைவன் கையில் என்பதில் நமக்கு ஐயமில்லை. வண்டிக்கு வேகத்தடை பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிப்பவரும் அதை நம்புகிறவர்தாம்.

ரமளான் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதில்லை. எந்த மாதத்திலும் ஒரு திங்களோ வியாழனோ நோன்பு வைத்து, அதன் இரவையும் பூட்டிவிடலாம். ரமளானில் தொடங்கியவர்களோ பெருநாள் காலைக்கு முன்னரே திட்டமிட வேண்டும். அன்று பையில் தீப்பெட்டியும் இருக்கலாகாது. ஷவ்வாலின் ஆறு நோன்பை உடனே தொடங்குவது பலருக்குப் பாலமாக அமையும். அதையும் கடந்து, என்றோ ஒரு வலீமா விருந்தில் பிரியாணிக்குப் பின் ஒருவர் நீட்ட, ஒன்றைப் பிடித்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று பெட்டியே வாங்கிவிடாதீர்கள். மறதியாக உண்டவர் நினைவு வந்ததும் வாயிலிருப்பதைத் துப்பிவிட்டு நோன்பைத் தொடர்கிறாரல்லவா? பாதியிலேயே அதனை அணைத்துவிட்டு, எந்த நேரம், யாருடன், எதற்குப் பின் என்பதைக் குறித்து வையுங்கள். அடுத்த அலை பெரும்பாலும் அதே வழியாகத்தான் வரும்.

துணையின்றி முயல்வோரில் நூற்றுக்கு நான்கு பேரே நிலைக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆலோசனையும் மருந்தும் சேர்ந்தால் வாய்ப்பு இருமடங்குக்கும் மேலாகிறது. நடுவண் அரசின் புகையிலை விடுப்பு உதவி எண் 1800-11-2356. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். 2018ஆம் ஆண்டு முதல் சிகரெட் பெட்டியின்மீது, அந்தப் படத்திற்குக் கீழேயே இவ்வெண் அச்சிடப்பட்டு வருகிறது. விடப்போகும் நாளை முடிவு செய்துகொண்டு அழைத்தால் பேச்சு எளிதாகும்.